அறுப்பின் பண்டிகைக்குப் போன முயல்

எமர்ஜென்சி முடிந்த வருஷம், வடுகபட்டிப் பூண்டு மண்டி சுந்தர்ராஜ் வைத்தியராகிவிட்டார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. மனைவி கிருபாவதி வளர்த்த முயல்களுக்கு வயிற்றுப்போக்கு கண்டது, அது போதுமாயிருந்தது. மண்டியில் விலைபோகாத சொத்தைப் பூண்டையும் பப்பாளி விதையையும் மஞ்சளோடு அரைத்து, ரத்தம் சுத்தமாகும் என்று நெல்லிச்சாறு விட்டுக் கலக்கிப் புகட்டினார். குடலில் இருக்கிற பூச்சியெல்லாம் ஓடிவிடுமாம். முயல்கள்தான் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன.

பெரியகுளம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று கிருபாவதி சொல்லாத நாளில்லை. மண்டிக்காரன் பெண்டாட்டி முயலைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் தன் மருந்தை ஊர் என்ன நினைக்கும் என்று அவர் தடுத்துவிட்டார். மூத்திரம் ஊறிய தரையில் தழையைப் போடாதீர்கள் என்றதற்கும், பொம்பளைக்கு என்ன தெரியும் என்பதுதான் பதில். முயல்களாவது அவர் புகட்டியதைத் துப்பின, தான் இத்தனை வருஷமாக இந்த மனுஷனை விழுங்கிக்கொண்டல்லவா இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் மிஞ்சியது தாய் முயல் ஒன்றுதான். அதற்கும் வயிறு ஊதியது. சதை பிடித்துவிட்டது என்று பூரித்துப்போன சுந்தர்ராஜ், அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் காணிக்கையாக அதை வேதக்கோயிலுக்குத் தூக்கிப் போனார்.

ஏலம் விட்டவர் சபைக் கமிட்டி ஏசுதாசன். பூசணிக்காயும் வாழைத்தாரும் போனபின், சுந்தர்ராஜ் முயலைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டித் தன் வைத்தியத்தை விளக்கத் தொடங்கினார். முயல் அவருடைய சில்க் ஜிப்பா முழுக்க நீராகக் கழிந்தது.

"மருந்து வேல செய்யுது," என்றார், அசையாமல்.

"ஜிப்பாவுலயே தெரியுதுண்ணே," என்றார் ஏசுதாசன்.

சிரித்தவர்களில் ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து கிருபாவதி எழுந்தாள்.

"ஒரு ரூவா."

வீட்டு முயலை எவளாவது ஏலம் கேட்பாளா என்று சுந்தர்ராஜ் பல்லைக் கடித்தார். அவள் திரும்பவே இல்லை. கர்த்தருக்குக் கொடுத்தாகிவிட்டது, இனி ஏலத்தில் எடுத்தவருக்குத்தான் சொந்தம். ஏசுதாசன் மூன்று தரம் சொல்லி முயலை அவள் கையில் கொடுத்தார்.

கூடையில் வைத்து மூடி, நேரே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். பெரியகுளத்தில் மாட்டு டாக்டர் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால்தான்; ஞாயிற்றுக்கிழமையும் இருப்பார். நாறும் ஜிப்பாவோடு பின்னாலேயே ஓடிவந்த சுந்தர்ராஜ், பஸ் வந்து நின்றதும் குரலைத் தணித்தார்.

"கிருபா, டாக்டர் கேட்டா என் மருந்தப் பத்திச் சொல்லிராத."

"கவலப்படாதீக," என்றாள், படியில் கால் வைத்தபடி. "மருந்துன்னு சொல்ல மாட்டேன்."