மாற்று ஆள்

ஸ்ட்ரைக்கில் மைக் பிடித்துப் பேசிய குற்றத்துக்காக மெர்சிலின் டீச்சரை ஆலங்காயத்திலிருந்து தூக்கி ஜவ்வாது மலைமேல் போட்டார்கள். ஐந்து வகுப்பு, ஒரே டீச்சர். பாடமும் நடத்தணும், செல்போனில் வருகைப் பதிவேற்றமும் பண்ணணும், குழாயில் தண்ணீர் வரவில்லையென்றால் அதற்கும் அவள்தான் அலையணும். இரண்டு வருஷத்தில் தொண்டை போயிற்று, தூக்கம் போயிற்று. எழுத்து தெரியாமல் முழிக்கிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்து எழுத வைக்கிறவள், ஒருநாள் அதே பிள்ளையின்மேல் கையை ஓங்கிவிட்டாள். எப்படியாவது கீழே இறங்கிவிடணும், இல்லையென்றால் தான் மனுஷியாக இருக்க முடியாது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

ஆசிரியர் சங்கம் முட்டிமோதி அவள் மாறுதலை ரத்து செய்ய வைத்தது. ஆனால் அதிகாரிகள் லேசுப்பட்டவர்களா? மாற்று ஆள் வந்து சேர்ந்த பிறகே விடுவிக்க முடியும் என்று ஒரு வரியைச் செருகிவிட்டார்கள். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கக் கூடாதாம். என்ன ஒரு அக்கறை! அந்த ஊருக்கு விரும்பி எந்த மகராசி வரப்போகிறாள்? இன்னொருத்தர் தண்டனை வாங்கினால்தான் இவளுக்கு விடுதலை.

ஒரு மத்தியானம் ஷைலா போன் பண்ணினாள். ஆலங்காயத்தில் மெர்சிலினிடம் டீச்சர் வேலை கற்றுக்கொண்ட பெண்.

"அக்கா, நாளைக்கு மறியல்ன்றாங்க. கைக்கொழந்தய வெச்சினு போவாதன்றாரு வூட்ல. நீங்க இன்னா சொல்றீங்க?"

குழந்தை வளரட்டும், இந்தத் தடவை விட்டுவிடு என்று சொல்லியிருக்கணும். கைக்குழந்தைக்காரிகளுக்கு மெர்சிலின் எப்போதும் அப்படித்தான் சொல்வாள். நாக்கு நுனிவரை வந்தது.

"பயந்துனே இருந்தா ஆவுமா ஷைலா? போ. பேனரப் புடிச்சினு முன்னால நில்லு."

மேடையில் எத்தனையோ தரம் பேசிய நியாயமான பேச்சுதான். அன்றைக்கு மட்டும் வாய் கசந்தது.

சீக்கிரமே ஷைலாவுக்கு மலைக்கு மாறுதல் உத்தரவு வந்தது. சேதி கேட்டதும் மெர்சிலினுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொய் சொல்வானேன்? துணிமணியை எல்லாம் பெட்டியில் அடுக்கி முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

திங்கட்கிழமை காலை பஸ்ஸிலிருந்து ஷைலா இறங்கினாள். இடுப்பில் குழந்தை, கையில் பை. அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

சத்துணவு சமைக்கிற முத்தம்மா மெர்சிலின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிள்ளைகளையும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் விட்டிருக்கிறாள். குத்தலாகக் கேட்கிற ஆளில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"தப்பு பண்ணவங்களத் தான எங்க ஊருக்கு அனுப்புவாங்க டீச்சர்? இந்தப் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சி?"

மெர்சிலின் குழந்தையை வாங்கக் கை நீட்டினாள்.

"நான் சொன்னதக் கேட்டுச்சி" என்றாள்.