நெய்தல் இல்லத்துத் தொண்டை

இராசநாயகத்தார் கத்தினால் கோணேசர் மலையில் மேய்கிற மான்கள் தலையைத் தூக்கிப் பார்க்கும். துறைமுகத்துக்குள் நுழைகிற கப்பல், தன்னைத்தான் யாரோ மறிக்கிறார்கள் என்று பயந்து பதிலுக்கு ஊதும். நிலாவெளியில் கரைவலை இழுக்கிறவர்கள், "அன்புவழிபுரம் பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் போட்டி தொடங்கிட்டுது" என்று சொல்லிக்கொண்டு வலையை இன்னும் கொஞ்சம் உற்சாகமாக இழுப்பார்கள். போன வருடம் அவர் போட்ட சத்தத்தில் எதிரணியான மருதம் இல்லத்துப் பிள்ளை ஒன்று தன் பாதையை விட்டுப் பக்கத்துப் பாதைக்கு ஓடிவிட்டதாக எழுத்தில் முறைப்பாடே வந்தது. அதை அவர் சான்றிதழ் மாதிரிச் சொல்லித் திரிந்தார்.

மூத்த மகன் முதலாம் வகுப்புக்குப் போன வருடம் மைதான வேலியைப் பிடித்தவர். பெடியன்கள் இரண்டு பேரும் படித்து முடித்துக் கட்டாருக்குப் போன பிறகும் வேலியை விடவில்லை. இப்போது கடைக்குட்டி லக்சாயினி உயர்தர வகுப்பு. நெய்தல் இல்லத்துக்காக அவள் ஓடப்போகிற கடைசி ஓட்டம் இது.

அவர் கத்தப்போகிற கடைசிக் கத்தலும் இதுதான். தொண்டையில் புற்று. குரல்வளையை எடுக்காமல் ஏலாது என்று மகரகமப் புற்றுநோய் ஆசுபத்திரியில் சொல்லிவிட்டார்கள். போட்டி முடிந்து அடுத்த கிழமை ஒப்பரேசன். மனைவி கோணேஸ்வரிக்கு மட்டும்தான் தெரியும்.

"பிள்ளை ஓடி முடிக்கட்டும். பிறகு சொல்லுவம்" என்றார்.

மிச்சம் இருந்த குரலை அவர் உண்டியலில் போட்டுச் சேர்த்தார். வீட்டில் மௌன விரதம் என்று அறிவித்தார். அந்த வீடு எவ்வளவு அமைதியாகப் போனது என்றால், பக்கத்து வீட்டு எல்சி மதிலால் எட்டி, "அக்கா, அண்ணைக்கும் உங்களுக்கும் சண்டையோ, இல்லாட்டி எனக்குக் காது கேக்காமல் போட்டுதோ?" என்று கேட்டார். இவ்வளவும் லக்சாயினியின் பெயரை ஒரு தரம், ஒரேயொரு தரம், துறைமுகம் அதிரக் கூப்பிடுவதற்காக.

அதற்குள் பள்ளிக்கூட அதிபர் சுலக்ஷனா ஒரு நல்ல காரியம் செய்தார். பாடசாலைச் செய்திமடலில் போட்டு, வாட்சப்பிலும் அனுப்பிவிட்டார்: இம்முறை நீண்டகால ஆதரவாளர் இராசநாயகம் அவர்கள் கௌரவ விருந்தினர். மாலை, பொன்னாடை, மேடையில் பிரதம விருந்தினருக்குப் பக்கத்துக் கதிரை.

போட்டியன்று கதிரையில் இருத்திய கையோடு அதிபர் குனிந்து சொன்னார்: "ஐயா, மேடையில இருக்கிற ஆள் ஒரு இல்லத்துக்குச் சாயக்கூடாது. மருதத்துக்காரர் பாத்துக்கொண்டு நிக்கினம்."

"ஒருக்காத்தான் ரீச்சர்" என்றார் கரகரத்த குரலில்.

"உங்கட ஒருக்கா எங்களுக்குத் தெரியும்தானே!" அதிபர் சிரித்தார்.

மாலை போடட்டும், மருதம் இன்னொரு முறைப்பாடு எழுதட்டும், எழும்பிக் கத்துவது என்றுதான் அவர் முடிவுகட்டியிருந்தார். ஓட்டத்துக்கு முன் லக்சாயினி மேடையின் பின்பக்கம் வந்தாள்.

"அப்பா, இண்டைக்கு மட்டும் கத்தாதேங்கோ."

அவர் அவளைப் பார்த்தார்.

"சின்னனில இருந்து எல்லாரும் என்னை லவுட்ஸ்பீக்கரின்ர மகள் எண்டுதான் சொல்லுறவை. கடைசித் தரம் அப்பா. நான் பாட்டுக்கு ஓடுறன். சத்தியம் பண்ணுங்கோ."

சேர்த்து வைத்த குரல் முழுவதும் தொண்டைக்குள் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அவர் தன் கையை அவள் கைமேல் வைத்தார்.

வெடி கேட்டது. ஓடினார்கள். கடைசி வளைவில் லக்சாயினி மூன்றாவதாக வந்தாள். மைதானம் முழுக்கக் கத்தியது. இராசநாயகத்தார் கதிரைக் கைகளை இறுக்கிப் பிடித்தார். அந்தக் கதிரை பிளாஸ்டிக்காக இல்லாமல் மரமாக இருந்திருந்தால் இரண்டு கைகளும் அவரோடு கழன்று வந்திருக்கும். வாய் தன்பாட்டில் திறந்தது. மூடினார். அவள் ஒருத்தியை முந்தி இரண்டாவதாகக் கோட்டைத் தாண்டினாள். வேலி ஓரத்தில் கோணேஸ்வரி ஓட்டத்தைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

பரிசளிப்பின்போது அறிவிப்பாளர் யதுர்சன் சேர் மைக்கை நீட்டினார். "ஐயா இண்டைக்கு எங்களை ஏமாத்திப்போட்டார்! ரெண்டு வார்த்தை பேசுங்கோ ஐயா. மைக் தேவையில்லைத்தான், எண்டாலும் பிடியுங்கோ!"

சனம் காதைப் பொத்துவது போல நடித்துச் சிரித்தது. பதக்கத்தோடு நின்ற லக்சாயினி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

அவர் மைக்கை வாங்கினார். கத்தவில்லை. தொட்டிலில் கிடக்கிற பிள்ளை நித்திரையோ என்று பார்க்கிறவர் மாதிரி, மெல்ல, மிக மெல்ல, "லக்சாயினி" என்றார்.

எல்லா ஒலிபெருக்கியிலும் அந்தப் பெயர் போனது. அடுத்த வார்த்தைக்காக மைதானம் காத்திருந்தது. அவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருந்துகொண்டார்.

"ஐயா உணர்ச்சிவசப்பட்டிட்டார்! ஒரு பெரிய கைதட்டல்!" என்றார் யதுர்சன் சேர்.

லக்சாயினி முகம் சிவந்து வேலி ஓரம் ஓடி வந்தாள். "பாத்தீங்களே அம்மா, கடைசியில என்ர மானத்தை வாங்கிப்போட்டார்! பகிடிக்கும் ஒரு அளவிருக்கு." பிறகுதான் தாயின் முகத்தைக் கண்டாள். "ஏனம்மா அழுறீங்கள்? ரெண்டாமிடமும் நல்ல இடம்தானே?"

"ஓம் பிள்ளை" என்றார் கோணேஸ்வரி. "நல்ல இடம்தான். அப்பாவிட்டப் போ. போய், திருப்பி ஒருக்கா உன்னைக் கூப்பிடச் சொல்லு."