வாப்பா பார்த்த நித்திரை

பிள்ளைகள், ஏறாவூரில் அஸீமா என்றொரு பிள்ளை இருக்கிறாள். எண்ணூறு மீற்றர் ஓட்டத்தில் கல்வி வலயத்திலேயே அவளை முந்த ஆளில்லை. ஆனால் இந்தப் பள்ளித் தவணையில் கடைசிச் சுற்றில் கால் கனத்தது. பின்னால் வந்தவர்களெல்லாம் தாண்டிப் போனார்கள். மாகாண அணித் தெரிவு நெருங்கிக்கொண்டிருந்தது. இப்படியே ஓடினால் இடம் கிடைக்காது என்று விளையாட்டு மிஸ் சொல்லிவிட்டார்.

உம்மா றமீஸாவுக்குத் தெரிந்த ஒரே மருந்து நாட்டுக்கோழி முட்டை. விடிய வெள்ளன, பச்சையாக, நல்லெண்ணெய் விட்டு. அஸீமா மூக்கைப் பொத்திக்கொண்டு விழுங்குவாள்.

வாப்பா இர்ஷாத்துக்குக் கட்டாரில் பின்னேர வேலை. முடிந்து அறைக்கு வரும்போது இங்கே நடுச்சாமம் கழிந்துவிடும். அப்போதுதான் வீடியோவில் வருவார். என்ன கறி, பூனை குட்டி போட்டதா என்று கேட்பார், வேறொன்றுமில்லை. அதற்காகவே மகள் முழித்திருப்பாள்.

ஒருமுறை அவருடைய போன் பழுதாகி ஒரு கிழமை, ஏழு நாளும் அழைப்பில்லை. அஸீமா இஷா தொழுதுவிட்டு நேரத்தோடு படுத்தாள். அந்தக் கிழமை முடிவில் கால் தானாகப் போனது. கடைசிச் சுற்றிலும் மூச்சு மிச்சமிருந்தது. முட்டை வேலை செய்கிறதென்று றமீஸா அயலெல்லாம் சொன்னாள். போன் சரிவந்தது. கால் மறுபடி கனத்தது. றமீஸா முட்டையை இரண்டாக்கினாள்.

காரணம் அஸீமாவுக்கு விளங்கிவிட்டது. சொன்னால் வாப்பாவின் முகம் பார்க்கக் கிடைக்காமல் போய்விடுமே என்று வாய் திறக்காமல் இருந்தாள். தெரிவு கிட்ட வந்ததும் இரண்டாவது முட்டையைத் தள்ளிவைத்தாள்.

"முட்டையில ஒண்டுமில்ல உம்மா. வாப்பாட போன் வராத கிழம நான் நல்லா நித்திர கொண்டன். அதான் ஓடினன்."

றமீஸா தள்ளிவைத்த முட்டையை எடுத்து மூடிவைத்தாள்.

"அப்ப கோழிக்குத்தான் வீண் கரைச்சல்," என்றாள் பிறகு.

அன்று மகளைப் படுக்க வைத்துவிட்டு அவளே காத்திருந்தாள். விடிந்ததும் அஸீமா கேட்டாள், வாப்பாவுக்குக் கோபமா என்று.

"எழுப்பாதீங்க, போன அவட பக்கம் திருப்புங்க எண்டாரு. உன்னையே பாத்துக்கிட்டிருந்தாரு மகள். கொஞ்சத்தால அவரும் நித்திர. குறட்ட எனக்குத்தான்."

அதற்குப் பிறகு தகப்பன் மகள் பேச்செல்லாம் வெள்ளிக்கிழமைக்கு மாறியது. அன்று அவருக்கும் லீவு, முஸ்லிம் பள்ளிக்கூடமென்பதால் அவளுக்கும் லீவு. இரவில் உம்மா போனைத் திருப்பி மகளைக் காட்டுவது மட்டும் தொடர்ந்தது.

தெரிவு வியாழக்கிழமை நடந்தது. முடிவை உம்மா சொல்லக்கூடாது, தானே சொல்வேன் என்று கட்டளை போட்டுவிட்டு அஸீமா படுத்தாள். மறுநாள், ஜும்மா தொழுகை முடிந்து வாப்பா வீடியோவில் வந்தார்.

"ராவு நித்திர வந்திச்சா மகள்?"

"வந்திச்சி வாப்பா."

"பொய். கண்ண இறுக்கிப் பொத்திக்கிட்டுக் கிடந்தாய், பாத்தன்."

அஸீமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்னெண்டு வாப்பா நித்திர வரும்? என்னையும் மாகாண அணிக்கு எடுத்திட்டாங்க."