நான்கு மணி நாற்காலிகள்

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும். நெப்ராஸ்காவில் இருக்கும் வீட்டை விலை பேசியவர் அதற்கு மேல் காத்திருக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். டெல்மர் மனசுக்குள் வீட்டை எப்போதோ விற்றுவிட்டார். மிச்சக் காலத்தை இந்த முப்பத்தோரு அடி வீட்டுவண்டியிலேயே ஓட்டிவிடலாம் என்பது அவர் திட்டம். இந்த ஒரு வாரப் பயணம் அதற்கு ஒத்திகை. அவர் மனைவி ஆர்டித்துக்கு விற்க இஷ்டமில்லை. அதை அவள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

சொல்வதற்கு நேரம் வாய்க்கவில்லை. வண்டி ஓடும்போது பாதையைத் தவிர வேறெதுவும் பேசக் கூடாது. அது டெல்மரின் சட்டம். நின்றதும், வண்டி சமமாக நிற்கிறதா என்று பார்க்க ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு கீழே படுத்துவிடுவார். குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை சக்கரங்களுக்கு அடியில் பலகை சொருகிக்கொண்டே இருப்பார். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் காது மெஷினைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார். அதன் பிறகு வண்டியின் கூரை பறந்தாலும் அவருக்குத் தெரியாது. மிஞ்சியது சாயங்காலம் நான்கு மணி. வெளியே நாற்காலி போட்டு, ஆளுக்கொரு பியரோடு மேற்கே பார்த்து உட்காரும் நேரம்.

திங்கட்கிழமை அரிசோனாவில், குவார்ட்சைட் என்ற ஊருக்கு வெளியே பாலைவனத்தில் நிறுத்தினார்கள். ஆர்டித் கால் நீட்ட ஒன்று, சிப்ஸ் தட்டுக்கு ஒன்று என்று சேர்த்து நான்கு நாற்காலியாகப் போட்டாள். அந்தப் பக்கத்தில் நான்கு மணிக்கு உபரி நாற்காலி வெளியே கிடந்தால் யாரும் வரலாம் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியாது.

"டெல்மர், வீட்டைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"இதுல யாராச்சும் வராங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் உட்கார்ந்தார். ஆர்டித் காலை இழுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மொன்டானாக்காரர், பெயர் ஹார்லன். பின்னாலேயே அவர் மனைவி ட்வைலா பீன்ஸ் கிண்ணத்தோடு வந்து சிப்ஸ் தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். ஹார்லன் தன் வண்டியின் கழிவுத் தொட்டியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். டெல்மர் வாயைப் பிளந்து கேட்டார்.

வந்தவர்களைக் கிளப்ப நெப்ராஸ்காவில் ஒரு முறை உண்டு. தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்து, நாளைக்குக் கண்டிப்பாக வாருங்கள் என்று சொல்ல வேண்டும். போய்த் தொலையுங்கள் என்பதை இதைவிட நயமாக அங்கே யாரும் சொல்வதில்லை. யாரும் மறுநாள் வந்ததும் இல்லை. ஆர்டித் தொடையைத் தட்டினாள்.

"நாளைக்குக் கண்டிப்பா வரணும்."

செவ்வாய்க்கிழமை சரியாக நான்கு மணிக்கு வந்தார்கள். சொந்த நாற்காலிகளோடு இன்னும் நான்கு பேர் கூட வந்தார்கள். ஆர்டித் இரண்டு தொடையையும் தட்டினாள்.

"நாளைக்கு நாங்க தெற்கே ஆஹோங்கிற ஊர்ப் பக்கம் போயிடுறோம். அந்தப் பக்கம் வந்தா அவசியம் எட்டிப் பாருங்க."

மூன்று மணி நேர ஓட்டம். புதன்கிழமை ஆஹோவில் டெல்மர் பலகை சொருகிக்கொண்டிருந்தபோது சாலையில் புழுதி எழும்பியது. ஏழு வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. ட்வைலா இறங்கும்போதே சத்தம் போட்டாள்.

"கூப்பிட்டுட்டு இப்படியா பறக்குறது? எங்களுக்கு வயசாகலியா?"

வியாழக்கிழமை ஆர்டித் ஒரு நாற்காலிகூட எடுத்துப் போடவில்லை. இரண்டு வாளிகளைக் கவிழ்த்து அவளும் டெல்மரும் உட்கார்ந்தார்கள்.

"ஐயோ பாவம், நாற்காலி தொலைஞ்சு போச்சு போல" என்றார் ஹார்லன். உடனே எல்லாரும் ஆளுக்கொன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். இப்போது ஆர்டித்திடம் பதினெட்டு நாற்காலிகள் இருந்தன.

வெள்ளிக்கிழமை, பார்த்தறியாத முகங்களெல்லாம் சேர்ந்து இருபத்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முடிவெட்டிக்கொண்டிருந்தார். கூச்சல் தாங்காமல் ஹார்லன் முறை வைத்துவிட்டார். கை தூக்கியவர்தான் பேசலாம். ஆர்டித் கை தூக்கினாள். அவளுக்குப் பத்தொன்பதாவது முறை கிடைத்தது. பதினெட்டாவது ஆள் தண்ணீர்ப் பம்பைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் சூரியன் மலைக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"எனக்கு வீட்டை விக்க இஷ்டமில்ல, டெல்மர்."

டெல்மர் காது மெஷினைத் தொட்டுப் பார்த்தார். "என்னது?"

"விக்க வேணாம்னேன்."

"இதை ஏன் திங்கக்கிழமையே சொல்லல?"

ஆர்டித் வட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

"நாங்க ஏதாச்சும் இடைஞ்சலா இருந்தோமா?" என்று ஹார்லன் கேட்டார்.

"சேச்சே! அப்படியெல்லாம் இல்ல" என்றாள் ஆர்டித்.

டெல்மர் எழுந்து அவள் முன்னால் வந்து நின்றார். "வண்டி பிடிக்கலியா உனக்கு?"

"பிடிச்சிருக்கு. ஒரு வாரத்துக்குப் பிடிச்சிருக்கு. நம்ம வீட்டு அடுப்படியில கண்ணை மூடிட்டுக் கை நீட்டினா உப்பு கிடைக்கும். இங்க ஒவ்வொரு வளைவுக்கும் உப்பு எங்கயோ ஓடிடுது. தேடித் தேடி அலுத்துப் போச்சு."

"நாப்பத்திமூணு வருஷம் இருந்தாச்சே. போதாதா?"

"போதல."

ட்வைலா கை தூக்கினாள். ஹார்லன் அவள் கையைப் பிடித்து இறக்கினார். டெல்மர் கையிலிருந்த பியரை மணலில் வைத்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வண்டியின் பின்பக்க ஏணியில் ஏறினார். அந்த இடத்தில் கூரை மேல்தான் சிக்னல் கிடைத்தது. ஏணியை ஆர்டித் பிடித்தாள். அவளைப் பிடிக்க நாலு பேர் வந்தார்கள்.

மேலே டெல்மர், வீட்டை விலை பேசிய நெப்ராஸ்காக்காரரிடம் முதலில் வானிலையைப் பற்றிப் பேசினார். பிறகு வீட்டை விற்கப் போவதில்லை என்று சொன்னார். போனைக் கையால் மூடிக்கொண்டு கீழே குனிந்தார்.

"காரணம் கேக்குறார்!"

"கூரை ஒழுகுதுன்னு சொல்லு!" என்று வட்டத்திலிருந்து ஆளாளுக்குக் கத்தினார்கள்.

"பேய் இருக்குன்னு சொல்லு!"

"அடியில அஸ்திவாரமே இல்லன்னு சொல்லுய்யா!"

"நான் அங்கதான் இருப்பேன்னு சொல்லு" என்றாள் ஆர்டித். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். போனை மறுபடியும் காதில் வைத்தார்.

"வீடு காலியா இல்லீங்க. அதுல நாங்க குடியிருக்கோம்."

இன்னுமா என்று அந்தப் பக்கத்தில் கேட்டார் போல.

"ஆமாங்க" என்றார் டெல்மர். "இன்னும்தான்."