பதினோரு கல்யாணங்கள்

விடிகாலை நாலரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும், ஐந்தரைக்கு நின்றுவிடும். லிங்கராஜபுரத்தின் அந்தச் சந்தில் பதினான்கு குடித்தனங்களுக்கும் அந்த ஒரே குழாய்தான், அதுவும் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அந்த வியாழக்கிழமை பெர்னதெத் ஆறு குடத்தில் ஐந்தை மாடிக்குத் தூக்கி முடித்தபோது இடுப்பு மரத்துப் போயிருந்தது. புருஷன் ஓஸ்வால்ட் வலது கையை மார்போடு அணைத்தபடி படிக்கட்டில் நின்று, இடது கையால் கடைசிக் குடத்தை வாங்கப் பார்த்தான்.

"நீ சும்மா இருந்தாலே எனக்குப் பெரிய ஒத்தாசை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

நான்கு மாதத்துக்கு முன்னால் அவன் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்த சாரம் சரிந்தது. மணிக்கட்டு நொறுங்கி, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். காண்டிராக்டர் ஐந்நூறு ரூபாயும் ஒரு கவர் ஆப்பிளும் கொடுத்துவிட்டு அடுத்த சைட்டுக்குப் போய்விட்டார். மிச்சச் செலவுக்கு வட்டிக்காரர் முனிகிருஷ்ணனிடம் எட்டாயிரம் கடன். நூற்றுக்குப் பத்து ரூபாய் மாத வட்டி. ஈடாக வீட்டு வாடகை அக்ரிமெண்டை அவர் வாங்கி வைத்துக்கொண்டார்.

இது இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷத்துக் கதை. பெர்னதெத் கைக்கு வரும் சம்பளம் இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது. வாடகை தொள்ளாயிரம், வட்டி எண்ணூறு. மீதி எழுநூற்று ஐம்பதில் அவளும் ஓஸ்வால்டும் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் பிரிஜெட்டும் முப்பது நாள் உயிரோடு இருக்க வேண்டும். ரேஷன் அரிசி, தள்ளுவண்டிக்காரன் கடையைக் கட்டும் நேரத்தில் பாதி விலைக்குத் தரும் தக்காளி, மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஒரு நாளைக்கு ஒரே சமையல். பால் டீ நின்று மூன்று மாதம் ஆகிறது. ஃபேக்டரிக்கு பஸ் கிடையாது, நடைதான். ஏழைகளுக்குச் சிக்கனம் தெரியவில்லை என்று மேடையில் பேசுகிறவர்களை ஒரே ஒரு மாதம் இந்த எழுநூற்று ஐம்பதோடு விட்டுப் பார்க்க வேண்டும்.

முனிகிருஷ்ணன் கத்துகிற ஆள் இல்லை. முந்தின நாள் வந்து, செருப்பைக்கூட வாசலிலேயே கழற்றிவிட்டு, சாந்தமாகத்தான் சொன்னார். "சனிக்கெழமைக்குள்ள பாதி அசலாவது குடுத்துடு தாயி. இல்லேன்னா ஓனர்கிட்ட போயி உன் அட்வான்ஸ் பணத்தை நான் வாங்கிக்குவேன். எனக்கும் குடும்பம் இருக்கு." அட்வான்ஸ் போனால் வீடு போகும்.

நாலாயிரம் ரூபாய். ஹென்னூர் ரோடு வரை நடந்த நாற்பது நிமிஷமும் அவள் அதையே யோசித்தாள். எதைக் குறைத்தாலும் அவ்வளவு வராது. குறைக்க ஒன்றும் பாக்கியில்லை.

*

ஃபேக்டரியில் அவளுக்குச் சட்டைக் கையின் கஃப் தைக்கும் வேலை. மணிக்குத் தொண்ணூறு. பஞ்சுத் தூசி மூக்கில் ஏறும்; ஊசியிலிருந்து கண்ணை எடுத்தால் சூப்பர்வைசர் "பேகா, பேகா" என்று கன்னடத்தில் அவசரப்படுத்துவார். பதினொரு மணிக்கு பர்சனல் ஆபீசிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள்.

"வாம்மா பெர்னதெத், உட்காரு" என்றார் ஆபீசர் எத்திராஜ். அந்த ஆபீசில் ஒரு டைலரை உட்காரச் சொன்னால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். "வீட்டுக்காரர் கை எப்படி இருக்கு? கடன் தொந்தரவுன்னு கேள்விப்பட்டேன். உன் பி.எஃப்.லயே பத்தொன்பதாயிரம் இருக்கு. உன் சொந்தப் பணத்தை வச்சிக்கிட்டு ஏன் வெளியில வட்டி கட்டறே?"

டைப் அடித்த ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். ராஜினாமாக் கடிதம். கான்வென்டில் எட்டாவது வரை படித்தவள், ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். தனக்குத் திருமணம் நிச்சயமாகியிருப்பதால் வேலையிலிருந்து விலகுவதாக அவளே எழுதியதுபோல் இருந்தது.

"சார், எனக்குக் கல்யாணமாகி பதினாலு வருஷம் ஆச்சு."

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிம்மா. வேற காரணம் போட்டா ரெண்டு மாசம் காத்திருக்கணும். லேடீஸுக்குக் கல்யாணம்னா உடனே பணம் வந்துடும்."

"அப்புறம் வேலை?"

"பத்து நாள் ரெஸ்ட் எடு. புதுசா ஜாயின் பண்ணிக்கோ. அதே லைன், அதே மெஷின்."

"சம்பளம்?"

எத்திராஜ் மின்விசிறியைப் பார்த்தார். "புதுசா சேர்றவங்களுக்கு என்னவோ அது. ரெண்டாயிரத்து நூறு."

"இன்னும் மூணு மாசத்துல எனக்கு அஞ்சு வருஷம் முடியுது சார். கிராஜுவிட்டி உண்டுன்னு சொல்றாங்க."

"யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லித் தர்றது?" அவர் குரல் மாறியது, உடனே சரிசெய்துகொண்டார். "அது நீ வேலையை விட்டுப் போறப்ப வர்ற பணம். உனக்கு இப்ப வேணுமா, என்னைக்கோ வேணுமா? கையெழுத்துப் போட்டா நாளைக்கே நாலாயிரம் அட்வான்ஸ் தர்றேன்."

சரியாக நாலாயிரம். முனிகிருஷ்ணன் கேட்டது இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. பேனாவைக் கையில் எடுத்தும் விட்டாள். தாளை நகர்த்தியபோதுதான் அடியில் இருந்த கட்டு தெரிந்தது. அவர் தடுப்பதற்குள் புரட்டிவிட்டாள்: அதே எழுத்து, அதே திருமணம், அவளையும் சேர்த்துப் பதினோரு பெயர்கள். பேனாவைக் கீழே வைத்தாள்.

"நாளைக்குச் சொல்றேன் சார்."

*

சாப்பாட்டு நேரத்தில் மொட்டை மாடிப் படியில் உட்கார்ந்து கூட வேலை செய்கிற பெண்களிடம் விஷயத்தைச் சொன்னாள். செக்கிங் வேலை பார்க்கும் சாந்தகுமாரி கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"என்னை இந்தக் கம்பெனி மூணு வாட்டி கட்டிக் குடுத்துடுச்சு. ஒன்பது வருஷமா இங்கதான் வேலை செய்யறேன். பேப்பர்ல பார்த்தா பதினோரு மாசம். ஒவ்வொரு வாட்டியும் கடனை அடைச்சேன், சம்பளம் குறைஞ்சுது, அதனாலயே மறுபடி கடன் வாங்கினேன். மூணாவது வாட்டி பி.எஃப். ஆபீஸ்ல இருந்த கிளார்க் அம்மாவே கேட்டாங்க, ஏம்மா உனக்கு எத்தனை கல்யாணம்னு. எனக்கு உயிரே போச்சு."

பெண்கள் செய்துகொண்டிருந்த தப்பு இதுதான். சேமிப்பை உடைக்கிறோம் என்று நினைத்து, வேலை செய்த வருஷங்களையே உடைத்துக் கொடுத்தார்கள். ஐந்து வருஷம் முடிய விடாமல் கம்பெனி அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டது. இதைத் தந்திரம் என்று சொன்னால் தந்திரத்துக்கு அவமானம்; திருட்டு என்பதுதான் சரியான பேர்.

"அந்த அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க" என்றாள் சாந்தகுமாரி. "ஆபரேஷன் செலவுன்னா வேலையை விடாமலே பி.எஃப்.ல ஒரு பங்கு முன்பணமா கேக்கலாமாம். அதுக்குத் தனி ஃபாரம். கம்பெனி கையெழுத்து வேணும். அதை எத்திராஜ் சொல்ல மாட்டார்."

"ஃபாரம் வந்து பணம் வர்றதுக்குள்ள சனிக்கெழமை வந்துடுமே அக்கா. வீடு போயிடும்."

 அவர்கள் லைனில் இருபது பேர் சேர்ந்து மாதம் இருநூறு ரூபாய்ச் சீட்டு நடத்தினார்கள்; கட்ட முடியாது என்று பெர்னதெத் அதில் சேரவில்லை. இந்த மாத நாலாயிரம் கூடத் தைக்கும் டோரதியின் முறை. எல்லோரும் டோரதியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள்.

டோரதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் எல்லாரும் தரையைப் பார்க்கறீங்க? என் சங்கிலி அடகுக் கடையில ஏலத்துக்கு வந்திருக்கு. எங்கம்மா போட்ட ஒரே நகை. நான் என்ன தர்மச் சத்திரமா?"

"உன்னை யாரு கேட்டா டோரதி?" என்றாள் பெர்னதெத். அவள் நிஜமாகவே கேட்கவில்லை. டிபன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். "நான் கையெழுத்துப் போட்டுடறேன். என்னால இதுக்கு மேல முடியல."

டோரதி அவளைப் படியிறங்க விட்டாள். பாதி வழியில் கேட்டாள்: "அந்தக் கட்டுல என் பேர் இருந்துச்சா?"

"இருந்துச்சு. மூணாவது தாள். மொத்தம் பதினோரு பேர்."

"எனக்கு எப்ப கல்யாணமாம்?"

"அடுத்த மாசம் தேதி போட்டிருக்கு."

 டோரதி ஒன்றும் தியாகி இல்லை. அப்படி நான் சொன்னால் அவளே என்னை விடமாட்டாள். கணக்குப் பார்க்கிறவள். இன்று பெர்னதெத் தனியாகக் கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதம் தன்னையும் தனியாகத்தான் கூப்பிடுவார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சீட்டை நீ எடுத்துக்கோ. என் சங்கிலிக்கு வட்டி மட்டும் கட்டி எப்படியாவது தள்ளிப் போடறேன்" என்றாள். "ஆனா ஒருத்தி கையெழுத்துப் போட்டாலும் நான் பொல்லாதவளாயிடுவேன், சொல்லிட்டேன்."

*

வெள்ளிக்கிழமை மதியம் பதினோரு பேரும் ஆபீசுக்குள் நுழைந்தார்கள். அத்தனை பேர் நிற்க அங்கே இடமில்லை. பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். எத்திராஜ் நிமிர்ந்தார்.

"என்ன இது, கூட்டம்?"

 "கல்யாணம் நின்னுபோச்சு சார்" என்றாள் பெர்னதெத்.

"என்னது?"

"எனக்கும் நின்னுபோச்சு சார்" என்றாள் டோரதி. வாசலிலிருந்து இன்னொருத்தி, "எனக்கு மாப்பிள்ளையே புடிக்கல சார்" என்றாள். அடக்க முடியாமல் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பல மாதங்களாக அந்தக் கட்டடத்தில் அப்படியொரு சத்தம் கேட்டதில்லை.

எத்திராஜ் சிரிக்கவில்லை. "கிண்டலா? ஷிப்மெண்ட் நேரத்துல மெஷினை விட்டுட்டு வந்ததுக்கு உங்களை இப்பவே வெளியே அனுப்ப முடியும், தெரியுமா?"

"அனுப்புனா நீங்க அனுப்புனதா எழுதிக் குடுங்க சார்" என்றாள் பெர்னதெத். "நாங்களா போறோம்னு எழுத மாட்டோம். எனக்கு ஆபரேஷன் முன்பண ஃபாரத்துல ஒரு கையெழுத்து வேணும். அது என் பணம். நீங்களே நேத்து சொன்னீங்க."

 எத்திராஜ் ஒரு காகிதத்தை எடுத்துப் பதினோரு பெயரையும் எழுதிக்கொண்டார். "மேனேஜ்மெண்ட்ல பேசறேன். திங்கக்கெழமை ஒவ்வொருத்தரா கூப்பிடுவேன். தனித்தனியா வாங்க. அப்ப இந்த வாய் இருக்கான்னு பார்க்கறேன்."

கையெழுத்து கிடைக்கவில்லை. அன்று சாயங்காலமே அவர்கள் லைனின் டார்கெட் தொண்ணூறிலிருந்து நூறாக ஏறியது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் கேட்டுக்கு வெளியே முனிகிருஷ்ணன் நின்றிருந்தார். டோரதி தன் கையாலேயே நாலாயிரத்தை எடுத்துக் கொடுத்தாள். சாந்தகுமாரி ஒரு தாளை நீட்டி வாங்கியதாக எழுதச் சொன்னாள். சுற்றிலும் நின்ற பெண்களைப் பார்த்துவிட்டு அவர் எழுதினார். வாடகை அக்ரிமெண்டைத் தரவில்லை. வட்டி எண்ணூறு நானூறாக இறங்கியது. ஆனாலும் சீட்டில் எடுத்த பணத்துக்கு இனி மாதாமாதம் டோரதிக்கு இருநூறு தர வேண்டும். பெர்னதெத்துக்கு மனசு லேசாகவில்லை, மூச்சு மட்டும் விட முடிந்தது.

*

திங்கட்கிழமை தண்ணீர் முறை. குழாயில் காற்றுதான் வந்தது. ஆறு மணி தாண்டித்தான் தண்ணீர் எட்டிப் பார்த்தது. விட்டுவிட்டுப் போகவும் முடியாது. இரண்டு நாளைக்கு வேறு தண்ணீர் இல்லை. பெர்னதெத் குடங்களை ஏற்றிவிட்டு, தலை வாராமல், ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

ஹென்னூர் ரோடு திரும்புவதற்கு முன்பே சங்கு ஊதிவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது. பத்து நிமிஷம் லேட்டானால் அரை மணிச் சம்பளம் பிடிப்பார்கள்; அதுகூடப் பெரிதில்லை. மற்றவர்கள் உள்ளே போயிருப்பார்கள். எத்திராஜ் கூப்பிட ஆரம்பித்திருப்பார். இனி தான் தனியாக அந்தக் கதவைத் திறக்க வேண்டும். அப்போது கையெழுத்துப் போட்டுவிடுவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

திருப்பத்தில் வந்து நின்றாள்.

கேட்டுக்கு வெளியே பெண்கள் நின்றிருந்தார்கள். பதினோரு பேர் இல்லை. அறுபது, எழுபது பேர் இருக்கும். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத சின்னப் பெண்கள், பக்கத்து லைனின் கன்னடக்காரப் பெண்கள், பேர்கூடத் தெரியாத பட்டன் செக்‌ஷன்காரிகள். வாட்ச்மேன் கேட்டைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தார். சங்கு ஊதிப் பத்து நிமிஷமாகிவிட்டது. அத்தனை பேருக்கும் அரை மணிச் சம்பளம் போய்விட்டது.

பெர்னதெத் கூட்டத்துக்குள் வந்தாள். "ஏன் உள்ள போகல?" என்று கேட்டாள்.  "எல்லாருக்கும் சம்பளம் போச்சே. டோரதி, நீகூடவா?"

"அஞ்சு ரூபாய்க்கு மேல போச்சு, தெரியும்" என்றாள் டோரதி. "தனித்தனியா வாங்கன்னாருல்ல? அதான் நின்னோம். மூச்சு வாங்கிக்கோ. ஒண்ணாப் போலாம்."