கலப்பு

வெள்ளிமலைக்கு மேலே குத்தகைக்கு எடுத்திருந்த அந்தக் கோதுமை வயல் பார்க்கக் கண்றாவியாகத்தான் இருந்தது. ஒரு செடி இடுப்பளவு, பக்கத்துச் செடி முழங்காலளவு. ஒன்றில் கதிர் நீளம், இன்னொன்றில் தூர் அதிகம். அபிநயாவுக்கு அதுதான் அழகு. ஒரு குட்டை ரகத்தையும் மணி பெருத்த ஒரு நெட்டை ரகத்தையும் இனம் சேர்த்து, அவற்றின் பேரப்பிள்ளைகளை விதைத்திருந்தாள். குட்டையும் பெரிய மணியும் ஒரே செடியில் சேர்ந்து வருமா, ஒன்று வந்தால் மற்றது போய்விடுமா? அவளுடைய முனைவர் பட்டமே இந்தக் கேள்விதான். அறுவடைவரை ஒரு செடிகூடப் போகக் கூடாது.

களை எடுக்கச் சொந்த ஊரான வடக்கனந்தலிலிருந்து ரங்கம்மாளையும் அவள் ஆட்களையும் குட்டியானை வண்டியில் ஏற்றி அனுப்பினாள். “அதெல்லாம் கலப்புக்கா, பாத்துப் பண்ணுங்க” என்று போனில் சொல்லிவிட்டுக் கல்லூரிக் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

மறுநாள் வந்து பார்த்தால் வயல் பாய் விரித்த மாதிரி சமமாக இருந்தது. நெட்டைச் செடியெல்லாம் வேரோடு வரப்பில் கிடந்தது. கதிரில் பால்கூடப் பிடித்திருக்கவில்லை.

“யாரு புடுங்கச் சொன்னா? கூலிக்கு மாரடிக்கிற உங்கள நம்புனேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

தாய் வயதுக்காரியிடம் அப்படிப் பேசினாள். மற்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரங்கம்மாள் மட்டும் திகைத்துப்போய்ப் பார்த்தாள்.

“நீதான பாப்பா கலப்புன்னு சொன்ன? நெல்லு வெதப்பண்ணைல கலப்புன்னா இன்னா? வேத்து ரகம். ஒசந்து நிக்கிறத புடுங்கிப் போட்டாத்தான் வெத சுத்தம். ஒண்ணு வுடாம பாத்து எடுத்தோம்.”

அபிநயாவுக்கு முகம் எரிந்தது. அவள் அப்பாவும் விதைநெல் போடுகிறவர்தான். அந்தச் சொல்லைக் கேட்டே வளர்ந்தவள். கல்லூரிக்குப் போனபின் கலப்பு என்றால் இரண்டு ரகத்தை இனம் சேர்ப்பது என்று மட்டும் ஆகிவிட்டது. தப்பு தன்னுடையது என்று அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. சொல்ல வாய் திறக்குமுன் அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியரின் போன் வந்தது.

“லேபர் செடியைப் புடுங்கிட்டாங்க சார்.”

“நீங்க என்ன சொல்லி அனுப்பினீங்க?”

அவள் திணறுவதைப் பார்த்த ரங்கம்மாள் கிட்டே வந்து கிசுகிசுத்தாள். “எங்க மேல போட்டுடு பாப்பா. உன் படிப்பு கெட்டுடப் போவுது.”

“களை மட்டும்தான் எடுக்கச் சொன்னேன் சார்.”

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. “மீதி விதை இருக்கில்ல, அடுத்த பட்டத்துல மறுபடி போடலாம். ஆனா இந்த ஆளுங்க வேணாம். இனிமே வயல் பக்கமே விடாதீங்க.”

“சரி சார்.”

“இன்னா சொன்னாரு? திட்னாரா?” என்று கேட்டாள் ரங்கம்மாள்.

“இல்லக்கா. வர்ற வருசம் மறுபடி வெதைக்கலாம்னாரு.”

ரங்கம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். “அப்போ நாங்களே வந்து போட்டுக் குடுக்குறோம். வேற ஆள கூப்புட்டுடாத பாப்பா. கெடுத்தது நாங்க, நாங்கதான் சரி பண்ணணும்.”

“சரிக்கா” என்றாள் அபிநயா. வெட்கத்தில் அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.