பல்பு வெளிச்சம்தான் அக்கா

ஆபீசில் அவனுக்குக் கேமரா என்றே பெயர். ஞாயிற்றுக்கிழமை எடுத்த படங்களைக் காட்டித் திங்கட்கிழமை ஒருவரையும் வேலை செய்ய விடமாட்டான். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்ததும் இந்தத் தாய்மாமனுக்குத் தலைகால் புரியவில்லை. பச்சைக் குழந்தையைப் படம் எடுக்க எந்த விளக்கு நல்லது என்பதைக் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வந்து இறங்கினான்.

"ஃப்ளாஷ் கூடவே கூடாது. ஜன்னல் வெளிச்சத்தையும் நம்ப முடியாது, நிமிஷத்துக்கு ஒரு மாதிரி மாறும்" என்று அக்கா அறையின் திரைகளை இழுத்து மூடினான். இரண்டு ஸ்டாண்டுகளில் மஞ்சள் பல்புகளை மாட்டி, வெளிச்சம் மெத்தென்று விழ எதிரே வெள்ளைக் குடைகளை விரித்தான்.

"மாப்ளே, பொண்ணைப் பாக்க வந்தியா, பந்தல் போட வந்தியா?" என்றார் அக்கா வீட்டுக்காரர்.

படம் எடுத்து முடியும்வரை யாரும் திரையைத் தொடக்கூடாது என்று சட்டம் வேறு போட்டான். அடுத்த நாளும் படம் எடுத்தான். குழந்தை தங்கமாக ஒத்துழைத்தது. எப்படிப் புரட்டினாலும் தூங்கியது. பாலுக்குக்கூட எழுப்ப வேண்டியிருந்தது. என் மருமகள் பிறவி மாடல் என்று பூரித்துப் போனான்.

"டேய், இவ கொஞ்சம் மஞ்சளா இல்ல?" என்றாள் அக்கா.

"பல்பு வெளிச்சம்தான் அக்கா. விரிப்பைப் பாரு. வெள்ளைத் துணியே மஞ்சளாத்தானே தெரியுது."

அக்கா விரிப்பைப் பார்த்தாள், சரி என்று விட்டுவிட்டாள். தம்பி படித்துப் பார்த்துத்தான் சொல்வான் என்பது அவளுடைய நம்பிக்கை.

அன்று மாலை கம்ப்யூட்டரில் விளக்கின் மஞ்சளை நீக்கினான். விரிப்பு பளிச்சென்று வெளுத்தது. குழந்தை வெளுக்கவில்லை, மஞ்சளாகவே கிடந்தது. அவன் கை நின்றது. டாக்டருக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். போடவில்லை. குடையிலிருந்து ஏதோ நிறம் எகிறியிருக்கும் என்று ஒரு காரணத்தை ஜோடித்துக்கொண்டு, குழந்தையின் தோலை மட்டும் தனியாகப் பிடித்து ரோஸாக்கிச் சொந்தபந்தமெல்லாம் பார்க்க அனுப்பினான். பாராட்டு வந்து குவிந்தது. அதில் குளிர்ந்தும் போனான்.

மறுநாள் தாயையும் பிள்ளையையும் பார்க்க வந்த நர்ஸ், அறை இருட்டாக இருக்கிறதே என்று திரையை விலக்கினார். குழந்தையை ஜன்னலருகே தூக்கிப் பார்த்தவர், "உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றார்.

டாக்டரம்மா குழந்தையின் நெற்றியை விரலால் அழுத்திப் பார்த்தார். "மஞ்சக்காமாலை. எப்பலேந்து இப்படி இருக்கு?"

"நேத்துக்கூட நல்லா இருந்தா டாக்டர். இதோ, என் தம்பி எடுத்த படம்." அக்கா போனை நீட்டினாள். திரையில் குழந்தை ரோஜாப்பூ மாதிரி இருந்தது.

டாக்டரின் நெற்றி சுருங்கியது. "ஒரே நாள்ல இவ்வளவு ஏறியிருந்தா, வேற பெரிய காரணம் இருக்கான்னு பாக்கணும். இந்தச் சின்ன உடம்புலேந்து நிறைய ரத்தம் எடுக்க வேண்டியிருக்கும்."

கூடவே வந்து சுவரோரம் நின்றவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பேசாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்றும் ஒரு எண்ணம் வந்தது. வந்ததை நினைத்து இன்னும் கூசினான்.

"அந்தப் படம் நிஜமில்ல டாக்டர்" என்றான். "நான் நிறத்தை மாத்திட்டேன். அப்பவே மஞ்சளாத்தான் இருந்தா." தன் போனில் இருந்த மாற்றாத படங்களை, முதல் நாள் படத்திலிருந்து வரிசையாகக் காட்டினான்.

டாக்டர் அவனைத் திட்டவில்லை. படங்களை உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, "அப்ப மெதுவாத்தான் ஏறியிருக்கு. முதல்ல விளக்குல வைப்போம்" என்றார். அக்கா மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சொன்னேன்னுதானேடா விட்டேன்."

அவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றான்.

குழந்தையை, மஞ்சளைக் குறைக்கும் நீல விளக்கின் கீழ்க் கிடத்தி, கண்களைத் துணியால் மூடினார்கள். அந்த விளக்கைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடிக்கு இப்பால் அக்காவின் பக்கத்தில் போய் நின்றான்.

"அந்தப் படத்தையெல்லாம் அழிச்சிடறேன் அக்கா."

"ரோஸா இருக்கறத அழி. மஞ்சளா இருக்கறத எனக்கு அனுப்பு. அதுதான் என் பொண்ணு."

அங்கேயே நின்று ஒவ்வொன்றாக அனுப்பினான். அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அவன் பக்கம் திரும்பவே இல்லை.